வெங்காயம் என்றாள் மணிமொழி

பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற சாலையில் வான்சுடர் கலை அறிவியல் கல்லூரி என்று ஒன்று இருக்கிறது. சிமெண்ட் லாரிகள் ஓயாமல் போகிற சாலை அது. கிளம்புகிற புழுதியில் வானமும் தெரியாது, சுடரும் தெரியாது. பெயர் வைத்தவர்களைக் குறை சொல்லக்கூடாது, அவர்கள் வைத்தபோது லாரிகள் குறைவு. அந்தக் கல்லூரிக்குத் தர மதிப்பீட்டுக் குழு வரப்போவதாக ஒரு கடிதம் வந்தது. கடிதம் வந்தது தவிர அந்த வருடம் அங்கே நடந்த எல்லாமே அந்தக் கடிதத்தால் நடந்தவைதான்.

குழு வருகிறது என்றால் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், கழிவறைக்குக் கதவு போடுவார்கள், நூலகத்தைத் திறப்பார்கள். அதெல்லாம் ஆயிற்று. ஆனால் கடிதத்தில் 'மாணவர் நலனில் தாங்கள் செய்த புதுமை யாது?' என்றொரு கேள்வி இருந்தது. அதற்குத் தனி மதிப்பெண். பக்கத்துக் கல்லூரிக்காரர்கள் யோகா மண்டபமே கட்டிவிட்டார்கள் என்று செய்தி வந்ததும் முதல்வர் முனைவர் இராமலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. பேராசிரியர்களைக் கூட்டி, கட்டடம் எழுப்பாமல், ஆள் எடுக்காமல், காசு செலவழிக்காமல் ஒரு புதுமையைச் சொல்லுங்கள் என்று கேட்டார்.

வணிகவியல் பேராசிரியர் ராஜராஜன் எழுந்தார். "சார், பசங்க எப்படியும் சாப்புடத்தான் போறாங்க. அவங்க சாப்புடுறதையே நம்ம புதுமைன்னு காட்டிட்டா என்னா?"

இப்படித்தான் 'மாணவர் உணவு நல மேம்பாட்டு மையம்' பிறந்தது. யோசனை சொன்னவரே அதற்கு ஒருங்கிணைப்பாளர். கணக்குப் பதிவியல் நடத்துகிறவருக்கும் உணவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரோ முணுமுணுத்தபோது முதல்வர் கறாராகச் சொல்லிவிட்டார்: "ராஜராஜன் சாருக்கு ரொம்ப வருசமா சுகர் இருக்கு. என்னென்ன சாப்புடக்கூடாதுன்னு இந்த காலேஜ்ல அவரு அளவுக்குத் தெரிஞ்சவங்க யாராவது இருந்தா கையைத் தூக்குங்க." ஒரு கையும் உயரவில்லை.

உடைந்த பெஞ்சுகள் கிடந்த அறையைக் காலி செய்து மையத்துக்குக் கொடுத்தார்கள். அறை வெறிச்சென்று இருந்ததால் விலங்கியல் துறையிலிருந்து எலும்புக்கூட்டைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, 'சத்துள்ள உணவைப் புறக்கணித்தவர்' என்று எழுதிக் கழுத்தில் மாட்டினார்கள். முதல் வாரம் முழுக்க மாணவர்கள் அதனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். மையத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கை என்று அதையும் சேர்த்து எழுதிக்கொண்டார் ராஜராஜன்.

பிறகு சுற்றறிக்கை வந்தது. இனிமேல் வீட்டிலிருந்து மதியச் சாப்பாடு கொண்டு வருகிறவர்கள் அதை மையத்தில் காட்டி 'சத்துச் சான்று' வாங்கவேண்டும். சோதனைக்கு ஒரு தடவை விடுவார்கள், அதற்குப் பிறகு சான்று இல்லாத டப்பா கேட்டைத் தாண்டி உள்ளே வராது. சான்று கிடைக்காதவர்கள் கேண்டீனில் 'ஆரோக்கியத் தட்டு' வாங்கிச் சாப்பிடவேண்டும். அந்தத் தட்டில் இரண்டு பிரெட், நாலு வெள்ளரி வில்லை, பாதி முட்டை, ஒரு பாக்கெட் பிஸ்கட் இருக்கும். மீதிப் பாதி முட்டை அடுத்தவர் தட்டில் இருக்கும். கேண்டீனை எடுத்து நடத்துகிறவர் தாளாளரின் மச்சினர் என்பதை யாரும் இதோடு முடிச்சுப் போடக்கூடாது. மச்சினர் என்று ஒருவர் இருந்தால் அவர் எதையாவது நடத்தத்தானே செய்வார்.

இந்தச் சுற்றறிக்கையைப் படித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் மணிமொழி. வரலாறு இரண்டாம் ஆண்டு, பூலாம்பாடிப் பெண். பெரம்பலூர் துறைமங்கலத்தில் ஒரு வீட்டு மாடியில், தகரம் போட்ட அறையில், கலையரசி என்கிற வகுப்புத் தோழியோடு வாடகைக்கு இருந்தாள்.

முதல் வருடம் அவளும் எல்லாரையும் போலத்தான் இருந்தாள். காலையில் டீயும் பன்னும், மதியம் ஒரு பஃப்ஸ், ராத்திரிக்குப் பரோட்டா. வயிறு நிறைந்தது, செலவும் குறைவாகத் தெரிந்தது. ஒருநாள் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். பெரியாஸ்பத்திரியில் ரத்தம் ரொம்பக் குறைவு என்றார்கள். மாத்திரை கொடுத்து, கீரை தின்னு, கடலை தின்னு, முட்டை தின்னு என்று சொல்லி அனுப்பினார்கள். அம்மா ரெங்கம்மாள் ஓடிவந்து பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னாள். "இன்னொரு தடவ இப்புடி வுழுந்தேன்னு சேதி வந்துச்சு, படிப்பும் வேணாம் ஒண்ணும் வேணாம், வூட்டுக்கு வந்து சேரு." அம்மா சொன்னால் செய்துவிடுவாள் என்று மணிமொழிக்குத் தெரியும்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் சமைக்க ஆரம்பித்தார்கள். ரேஷன் அரிசி, ரேஷன் பருப்பு, ஊரிலிருந்து வரும் கம்பு. வீட்டுக்காரம்மாவின் முருங்கை மரம் மாடிப்பக்கம் சாய்ந்திருந்ததால் கீரைக்குப் பஞ்சமில்லை. ஊறவைத்த நிலக்கடலை, முளைகட்டிய பயறு, கையில் காசிருந்தால் முட்டை. இதெல்லாம் போக வெங்காயம். ரெங்கம்மாள் பெரம்பலூர் மண்டி ஒன்றில் சின்ன வெங்காயத்துக்குத் தாளும் வேரும் கிள்ளும் வேலை பார்த்தாள். விலை போகாத பொடி வெங்காயத்தைப் பெண்களிடமே கொடுத்துவிடுவார்கள். அது பை பையாக மாடி அறைக்கு வந்துவிடும். ஆகவே அவர்கள் வீட்டில் எதற்கும் வெங்காயம், எப்போதும் வெங்காயம்.

நாலைந்து மாதத்தில் மணிமொழியின் முகம் தெளிந்தது. மூன்றாம் மாடி வகுப்புக்கு மூச்சு வாங்காமல் ஏறினாள். அந்த டப்பாவைத்தான் இப்போது கேட்டில் நிறுத்துவோம் என்கிறார்கள். ஆரோக்கியத் தட்டை ஒருவேளைக்கு வாங்கினால் மாடி அறையில் இரண்டு பேருக்கும் ராத்திரி அடுப்பு எரியாது. அவ்வளவுதான் கணக்கு. எப்பாடுபட்டாவது சான்று வாங்கிவிட வேண்டும் என்று ஒரு புதன்கிழமை டப்பாவும் கையுமாக மையத்தின் வரிசையில் நின்றாள்.

மையத்தில் சோதனை முறை எளிமையானது. நல்ல சாப்பாட்டில் ஐந்து நிறம் இருக்கவேண்டும் என்று ராஜராஜன் எங்கோ படித்திருந்தார். அப்போது அவர் குரும்பலூரில் வீடு கட்டிக்கொண்டிருந்தார். பெயிண்ட் கடைக்காரர் கொடுத்த வண்ண அட்டை அவர் பையிலேயே இருந்தது. அதை டப்பாவின் மேல் வைத்து ஒவ்வொரு நிறமாக ஒத்துப் பார்ப்பார். மணிமொழிக்கு முன்னால் நின்ற பையன் மஞ்சள் சிப்ஸ், செக்கச்செவேலென்று கோபி மஞ்சூரியன், பச்சை க்ரீம் தடவிய கேக் துண்டு, ஊதா ஜெல்லி, கருப்பு சாக்லேட் என்று கொண்டு வந்திருந்தான். ராஜராஜன் அசந்துபோய்விட்டார். "இவனைப் பாத்துக் கத்துக்குங்க," என்று வரிசையைப் பார்த்துச் சொல்லி, சான்றில் 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தார்.

மணிமொழி தன் டப்பாவைத் திறந்து வைத்தாள். ராஜராஜன் அட்டையை வைத்தார், எடுத்தார், திரும்பவும் வைத்தார்.

"இது என்னா?"

"கம்பஞ்சோறுங்க சார். மோர் ஊத்திப் பிசைஞ்சது."

"கலரைக் கேட்டேன்மா. இது அட்டையில சிமெண்ட் கிரேன்னு போட்டிருக்கான். அரியலூர்ப் பக்கம் இந்தக் கலரை வூட்டுக்கு அடிக்கலாம். வயித்துக்கு அடிக்க முடியுமா?"

"முருங்கைக்கீரை பச்சைங்க சார்."

"பச்சை ஒண்ணு. மிச்சம் நாலு எங்க?"

மணிமொழி டப்பாவைக் குனிந்து பார்த்தாள். அவர் முகம் கொஞ்சம் இளகியது. கெட்ட மனிதர் இல்லை அவர். இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவர். "சரி, வேற கேள்வியில மார்க் போடுறேன். ராத்திரிக்குச் சோத்துக்கு என்னா தொட்டுக்குவே?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. கொத்தனார்.

குளியலறைச் சுவருக்கு டைல்ஸ் எத்தனை அடி உயரத்துக்கு ஒட்டுவது என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு. அது நெடுநேரம் நீடித்தது. மணிமொழி பதிலை நாக்கின் நுனியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். தலைக்குமேல் மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ராஜராஜன் ஒருவழியாகப் போனை வைத்தார். மனம் இன்னும் குளியலறையிலேயே இருந்தது. அவளுடைய சான்றுத் தாளில் கடைசியாக எழுதாமல் கிடந்த இடத்தைப் பார்த்து, குனிந்த தலை நிமிராமல், "நம்ம மையத்தைப் பத்தி உன் கருத்து?" என்று முனகினார்.

விசிறிச் சத்தத்தில் அவளுக்கு ஒன்றும் காதில் விழவில்லை. பழைய கேள்வியைத்தான் மறுபடி கேட்கிறார் என்று நினைத்தாள்.

"வெங்காயம் சார்."

ராஜராஜன் நிமிர்ந்தார். "என்னா சொன்னே?"

"வெங்காயங்க சார்."

"இப்புடியா சொல்லுவே?"

அவளுக்கு 'இப்புடியா' மட்டும்தான் காதில் விழுந்தது. வதக்காமல் தின்பதைத்தான் கேட்கிறார் என்று தோன்றியது. "பச்சையாத்தாங்க சார். வதக்குனா எண்ணெ செலவாவும்."

"பச்சையா வேறயா! இன்னைக்கு மட்டுமா?"

"தெனமும் இப்படித்தாங்க சார்."

"நீ மட்டுமா, இல்ல கூட யாராவது சேந்துருக்காங்களா?"

"கலையரசியும்தாங்க சார். எங்க ஊர்ப்பக்கம் எல்லாருமே அப்படித்தான்."

ராஜராஜன் பேனாவை எடுத்து எல்லாவற்றையும் வார்த்தை மாறாமல் எழுதிக்கொண்டார். எண்ணெய் பற்றிய வாக்கியம் மட்டும் பொருத்தமில்லாமல் இருந்ததால் விட்டுவிட்டார்.

மறுநாள் மணிமொழிக்கு மெமோ வந்தது. 'கல்லூரியின் உணவு நல மேம்பாட்டு மையத்தைத் தாங்கள் வெங்காயம் என்று பச்சையாகவும், தினமும், சக மாணவி ஒருவருடன் கூட்டாகவும் விமர்சித்து வருவதாகத் தாங்களே ஒப்புக்கொண்டிருப்பதால், தங்கள்மீது ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்பதற்கு விளக்கம் தரவும். விசாரணை முடியும்வரை தங்களுக்குச் சான்று கிடையாது.'

கலையரசி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு 'சக மாணவி' என்பது தான்தான் என்று உறைத்ததும் நிறுத்தினாள்.

"வெங்காயம்னா திட்டுறதாடி?" என்று கேட்டாள் மணிமொழி. அவளுக்கு உண்மையிலேயே அழுகை வந்தது.

"எங்க மாமா நியூஸ் பாக்குறப்ப சொல்லுவாரு. யாராச்சும் வாக்குறுதி குடுத்தா, 'போய்யா வெங்காயம்'ம்பாரு. ஆனா நீ நெசமாவே வெங்காயத்தத்தான சொன்ன? அப்புடியே எழுதிக் குடு. உண்மைய எழுதுனா என்னா பண்ணிருவாங்க?"

மணிமொழி உண்மையை எழுதினாள். 'ஐயா, நான் மையத்தை வெங்காயம் என்று சொல்லவில்லை. வெங்காயத்தைத்தான் வெங்காயம் என்று சொன்னேன்.' முதல்வர் அதைப் படித்துவிட்டு ராஜராஜனிடம் நீட்டினார். "ஒரு தடவ சொன்னதுக்கு விளக்கம் கேட்டா, விளக்கத்துல மூணு தடவ சொல்லிருக்கா. திமிரப் பாத்தீங்களா?"

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. சொல் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் தமிழ்த் துறைத் தலைவர் முத்தமிழ்செல்வனிடம் நிபுணர் கருத்து கேட்டார்கள். தமிழ்த் துறையிடம் யாரும் எதையும் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்ததால் அவர் மூன்று நாள் விடுப்பெடுத்து எழுதினார். அறிக்கையின் சாரம் இது: 'வெங்காயம் என்னும் சொல் மேடைகளில் வசையாக வழங்கி வருவது யாவரும் அறிந்ததே. உரித்துக்கொண்டே போனால் உள்ளே ஒன்றும் இராது. உரிப்பவர் கண்ணில் நீர் வரும். கையில் பட்ட நாற்றம் லேசில் போகாது. ஆகவே, இம்மையத்தின் உள்ளே ஒன்றுமில்லை, இதில் மாட்டிக்கொண்டவர் அழுவர், இதனால் வந்த கெட்ட பெயர் லேசில் நீங்காது என்று மாணவி மூன்று பொருள்படக் கூறியிருக்கிறார். இவ்வளவு சரியாக ஒரே சொல்லில் ஒன்றைச் சொல்வது அரிது.' முதல்வர் கண்ணை உருட்டியதும் 'சரியாக' என்பதை அடித்துவிட்டு 'தவறாக' என்று திருத்திக் கையெழுத்திட்டார்.

விசாரணை முடியும்வரை வளாகத்துக்குள் அந்தச் சொல்லை யாரும் பேசவோ எழுதவோ கூடாது என்று அடுத்த சுற்றறிக்கை சொன்னது. சின்ன வெங்காயத்துக்குப் பேர்போன பெரம்பலூரில் இப்படி ஒரு தடை போடுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். பொருளாதார வகுப்பில் விலையேற்றம் நடத்திய ஆசிரியை 'அப்பொருள்' என்றே ஒரு மணி நேரம் ஓட்டினார். அது தங்கமா பெட்ரோலா என்று கடைசிவரை பாதி வகுப்புக்குத் தெரியவில்லை. கேண்டீன் பலகையில் வெங்காய ஊத்தப்பம் என்பதை அழித்து ஆனியன் ஊத்தப்பம் என்று எழுதினார்கள். ஆங்கிலத்தில் சொன்னால் அது வசை ஆகாது என்று முத்தமிழ்செல்வன் எழுத்துப்பூர்வமாகவே தெளிவுபடுத்தியிருந்தார்.

இதெல்லாம் கேட்கச் சிரிப்பாகத்தான் இருக்கிறது. மணிமொழிக்குச் சிரிப்பாக இல்லை. தினமும் காலையில் கேட்டில் டப்பாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் திருப்பிக் கொடுக்கும்போது சோறு ஊசிப்போயிருக்கும். மதிய இடைவேளையில் வெளியே போகவும் விடமாட்டார்கள். ஆரோக்கியத் தட்டை வாங்கி, பாதி முட்டையைத் தின்று, பிஸ்கட்டைக் கலையரசிக்குக் கொடுத்துவிட்டு, ராத்திரி தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்தாள். இரண்டாவது வாரம் மூன்றாம் மாடிப் படியில் கண் இருட்டியது. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்ததும்தான் அவளுக்கு உயிர் வந்தது. பார்த்திருந்தால் அம்மாவுக்குச் சேதி போகும், அதோடு படிப்பு முடிந்தது.

விசாரணை நாள் வந்தது. முதல்வர் அறையில் முதல்வர், ராஜராஜன், முத்தமிழ்செல்வன் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்க, மணிமொழி எதிரே நின்றாள்.

"நீ எந்த அமைப்பைச் சேந்தவ?" என்று ஆரம்பித்தார் முதல்வர்.

"வரலாறு இரண்டாம் ஆண்டுங்க சார்."

"அதைக் கேக்கலை. உன்னைத் தூண்டிவிட்டது யாரு?"

"பசிங்க சார்."

"எழுதிக்குங்க. பசி. அது யாருன்னு அப்புறம் விசாரிப்போம்."

அந்த நேரத்தில் கதவு படீரென்று திறந்தது. தாளாளர் வைத்திலிங்கம் உள்ளே வந்தார். மூன்று நாற்காலிகளும் ஒரே நேரத்தில் காலியாயின. உடையார்பாளையம் பக்கத்து நிலக்காரர் அவர். கல்லூரிச் சுவரிலெல்லாம் 'கல்வித் தந்தை' என்று அவர் படம் இருக்கும். மச்சினரைப் பார்க்கக் கேண்டீனுக்கு வந்தவர், அப்படியே ஒரு ஊத்தப்பம் சொல்லி, வெங்காயம் தூக்கலாகப் போடப்பா என்றிருக்கிறார். பரிமாறுகிற பையன் அவர் யாரென்று தெரியாமல், அந்தப் பேரை இங்க சொல்லக்கூடாதுங்க, மெமோ குடுத்துருவாங்க என்று சொல்லிவிட்டான்.

"எவன்யா அது, வெங்காயம்னு சொல்லக்கூடாதுன்னவன்?"

முதல்வர் நடந்ததை விளக்கினார். இந்தப் பெண் நம் மையத்தை வெங்காயம் என்று கேவலமாகப் பேசிவிட்டாள் என்று அவர் சொல்லி முடிக்கும்போதுதான் அறையில் இருந்த மூவருக்கும் ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. வைத்திலிங்கம் பெரம்பலூரில் வெங்காய மண்டி வைத்துத்தான் இவ்வளவு பெரிய ஆளானார். அவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. ஒருவர் கல்வித் தந்தை ஆனபிறகு முன்னால் என்ன விற்றார் என்பதை நினைவில் வைத்திருப்பது மரியாதை இல்லை என்று மறந்திருந்தார்கள்.

"வெங்காயம்னா கேவலமாய்யா?" வைத்திலிங்கத்தின் குரல் நடைவாசல் வரை கேட்டது. "நீ ஒக்காந்துருந்த நாக்காலி வெங்காயம்! மேல சுத்துற ஃபேன் வெங்காயம்! மாசாமாசம் நீ வாங்குற சம்பளம் வெங்காயம்! வெல இல்லன்னு வெவசாயி அழுவுறப்ப வாங்குனேன்யா. சேத்து வைக்கப் பட்டறை போட்டுப் பூட்டி வச்சேன். வெங்காயம் கெடைக்கலன்னு ஊரே அழுவுறப்ப தொறந்து வித்தேன். ஒவ்வொரு தடவ ஊரு அழுவுறப்பவும் இந்தக் காலேஜுக்கு ஒரு மாடி ஏறுச்சு. அப்படி வளத்த காலேஜுய்யா இது!"

சொல்லும்போது அவருக்கே கண் கலங்கியது. முத்தமிழ்செல்வன் கைக்குட்டையை எடுத்துத் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நான் அன்னைக்கே நெனச்சங்கய்யா," என்றார் ராஜராஜன். "இந்தப் பொண்ணு நம்ம மையத்தப் பாராட்டுதேன்னுதான் வார்த்த மாறாம எழுதி வச்சேன்."

முத்தமிழ்செல்வனும் தாமதிக்கவில்லை. "உரிக்க உரிக்க அடுக்கடுக்காய்ப் பொருள் விரிவது வெங்காயங்கய்யா. பார்த்தவர் கண்ணில் ஆனந்தக் கண்ணீர். எடுத்தவர் கையைவிட்டு அகலாத மணம். மூன்று பொருள்படப் புகழ்ந்திருக்கிறாள் மாணவி." அடித்துத் திருத்திய இடத்தில் மறுபடியும் 'சரியாக' என்று எழுதினார்.

வைத்திலிங்கம் குளிர்ந்துபோய் மணிமொழியைப் பார்த்தார். "எந்த ஊரும்மா? அம்மா என்னா பண்றாங்க?"

"பூலாம்பாடிங்கய்யா. அம்மா உங்க மண்டியிலதான் வெங்காயம் கிள்ளுறாங்க. ரெங்கம்மா."

"அப்ப நம்ம வூட்டுப் புள்ளன்னு சொல்லு! கூலிய ஏத்திக் குடுங்கன்னு போன மாசம் வந்து நின்னாளுவளே, அதுல உங்கம்மா இல்லையே?"

"தெரியலைங்கய்யா," என்றாள் மணிமொழி. அவளுக்கு நன்றாகவே தெரியும், முன்வரிசையில் நின்றது அம்மாதான்.

"சரி, நல்லா படி. உனக்கு என்னா வேணும், கேளு."

மூன்று வாரமாகக் கேட்கக் காத்திருந்ததை அவள் கேட்டாள். "என் டப்பாவைக் கொண்டுவந்து சாப்புட விட்டாப் போதுங்கய்யா."

"அதுல என்னா இருக்கும்?"

"கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை, கடலை, வெங்காயங்கய்யா."

வைத்திலிங்கம் மேசையில் ஓங்கித் தட்டினார். "இதுய்யா சாப்பாடு! இதை எதுக்கு இந்தப் புள்ள வூட்லேருந்து சொமந்துகிட்டு வரணும்? நம்ம கேண்டீன்லயே போடு. எல்லாப் புள்ளைங்களுக்கும் போடு. வெங்காயம் நம்ம மண்டியிலேருந்து வரட்டும்."

கேட்டவளுக்குக் கிடைத்ததை அவள் சொந்தக்காரர்களுக்குக்கூட விளக்க முடியாது. அடுத்த திங்களிலிருந்து ஆரோக்கியத் தட்டு எடுக்கப்பட்டு 'மணிமொழித் தட்டு' வந்தது. கம்பஞ்சோறு, கீரை, கடலை, கண்ணாடிக் கிண்ணத்தில் நாலு வெங்காயம். பாரம்பரியம் என்று பலகையில் எழுதியதால் விலை பழைய தட்டைவிடக் கூடுதல். அதே உணவு உள்ளேயே கிடைப்பதால் வெளி டப்பாக்களுக்கு இனி முழுத் தடை. மையத்தின் பெயர் வெங்காய உணவு நல மேம்பாட்டு மையம் ஆயிற்று. மணிமொழி தன் பெயர் போட்ட தட்டை, தன் வீட்டுச் சாப்பாட்டை, காசு கொடுத்து வாங்கித் தின்றாள். கிண்ணத்தில் கிடந்த வெங்காயத்தில் எதையாவது அம்மா கிள்ளியிருப்பாளோ என்று பார்த்தாள். ராத்திரிக்கு மறுபடியும் தண்ணீர்தான்.

"பாராட்டி மெடல் குடுத்துருந்தா வித்துருக்கலாம்டி," என்றாள் கலையரசி.

தர மதிப்பீட்டுக் குழு வந்தது. தலைவர் வெளிமாநிலப் பேராசிரியர், சோர்ந்த முகம். காலையிலிருந்து அவருக்கு ஏழெட்டு இடத்தில் சால்வை போர்த்திவிட்டார்கள். பெரம்பலூர் வெயிலில் அது எப்படி இருக்கும் என்று யோசித்தாலே பாவமாக இருக்கிறது. மையத்து வாசலில் எலும்புக்கூட்டுக்கும் ஒரு மாலை போட்டிருந்தார்கள். உள்ளே மேசைமேல் மணிமொழித் தட்டு, பக்கத்தில் மணிமொழி. படம் எடுப்பதற்காக அவளுக்கு அன்றைக்கு மட்டும் தட்டு இலவசம். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்திருந்தவள் குழு வருமுன்பே முழுவதையும் தின்று முடித்து, இரண்டாவது தட்டு வாங்கி வைத்திருந்தாள். நேற்றே ராஜராஜன் அவளைக் கூப்பிட்டு ஒத்திகை பார்த்தாயிற்று. கேட்டால் என்ன சொல்லவேண்டும், எந்தக் குரலில் சொல்லவேண்டும் எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தார். மின்விசிறியையும் நிறுத்திவிட்டார்.

குழுத் தலைவர் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். முதல்வர் இராமலிங்கம் அதைத் தமிழில் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "இந்த மையத்தைப் பற்றி உன் கருத்து என்னன்னு சார் கேக்குறாங்க."

மணிமொழி அவசரப்படவில்லை. வாசலில் மாலையோடு நின்ற எலும்புக்கூட்டைப் பார்த்தாள். ராஜராஜனின் சட்டைப்பையில் எட்டிப் பார்த்த வண்ண அட்டையைப் பார்த்தாள். பலகையில் பெரிய எழுத்தில் இருந்த தன் பெயரையும் விலையையும் பார்த்தாள். மூன்றாம் மாடிப் படியில் கண் இருட்டியது நினைவுக்கு வந்தது.

"வெங்காயம்," என்றாள்.

"நல்லா பச்சையாச் சொல்லும்மா," என்று பூரித்தார் ராஜராஜன்.

"பச்சையாத்தாங்க சார் சொல்றேன். நான் மட்டும் இல்ல, எங்க கிளாஸ்ல எல்லாரும் தெனமும் இதத்தான் சொல்றாங்க."

எங்கள் மண்ணில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது என்று முதல்வர் ஆங்கிலத்தில் விளக்கினார். குழுத் தலைவர் நெகிழ்ந்து குறித்துக்கொண்டார். கேண்டீன்காரரில் தொடங்கி எல்லாரும் கைதட்டினார்கள். வைத்திலிங்கம் எல்லாரையும்விட அதிகமாகத் தட்டினார்.

புதுமைக்கு முழு மதிப்பெண் கிடைத்தது. குழுவின் கார் கேட்டைத் தாண்டிய மறுவாரமே உடைந்த பெஞ்சுகள் பழைய அறைக்குத் திரும்பின. எலும்புக்கூடு விலங்கியல் துறைக்குப் போயிற்று, கழுத்து அட்டையை மட்டும் யாரும் கழற்றவில்லை. அங்கே அது இப்போதும் சத்துள்ள உணவைப் புறக்கணித்துவிட்டு நிற்கிறது. ராஜராஜன் வீடு கட்டி முடித்துப் புதுமனை புகுவிழாவுக்கு எல்லாருக்கும் பத்திரிகை வைத்தார். கேண்டீனில் பழையபடி பஃப்ஸ் வந்துவிட்டது. கேட்டில் யாரும் டப்பாவைத் திறந்து பார்ப்பதில்லை. தடை நீக்கப்பட்டதாகச் சுற்றறிக்கை எதுவும் வரவில்லை. அடுத்த குழு வருகிறவரை யாருக்கும் அதில் அக்கறை இல்லை, அவ்வளவுதான்.

ஒரு மதியம் மணிமொழியும் கலையரசியும் வேப்பமர நிழலில் டப்பாவைத் திறந்து உட்கார்ந்தார்கள். கம்பஞ்சோறு, முருங்கைக்கீரை, நேற்றுக் காசிருந்ததால் ஆளுக்கொரு முழு முட்டை.

"ஏன்டி," என்றாள் கலையரசி, "அன்னைக்கு அத்தன பேரு முன்னாடி வெங்காயம்னு சொன்னியே, எந்த வெங்காயத்தடி சொன்ன?"

மணிமொழி டப்பாவிலிருந்து ஒரு சின்ன வெங்காயத்தை எடுத்து, தோலை உரித்து, நறுக்கென்று கடித்தாள். மென்று முழுங்கிவிட்டுத்தான் பதில் சொன்னாள்.

"இது இல்லடி."